70 பவுண்டு வுல்வரினும் அத்தானின் கைக் கணக்கும்

அக்கா மகனுக்கு வேலை கனடாவில், ஆல்பர்ட்டா மாகாணத்தின் வடக்குக் கோடியில். மார்கழி வந்தால் பகல் ஏழு மணி நேரம்கூட இருக்காதாம். சுரங்கத்தில் ஓடுகிற ராட்சச லாரிகளுக்குப் பழுது பார்க்கிறான். பாளையங்கோட்டை வெயிலில் சைக்கிள் டியூப் ஒட்டிக்கொண்டிருந்த பயல், இப்போது மைனஸ் முப்பதில் ஸ்பேனர் பிடிக்கிறான். சரி, அது வேறு கதை.

போன மாசியில் ஒரு படம் அனுப்பினான். மரக் கொட்டகைக்குள் கட்டம் போட்ட சட்டையில் ஒரு தாத்தா. பக்கத்தில் ஆணியில் ஒரு தோல் தொங்குகிறது, மூக்கு மேலே, வால் கீழே. மூக்கு அவர் மோவாயைத் தொடுகிறது, வால் முட்டிக்குக் கீழே ஊசலாடுகிறது. கரும்பழுப்பு நிறம், விலாவின் இரண்டு பக்கமும் வெளிறிய பட்டை. கீழே எழுதியிருந்தான்: “மாமா, இதுதான் வுல்வரின். இந்தத் தாத்தா ஐம்பது வருஷமாப் பொறி வைக்கிறவரு. 70 பவுண்டு வரைக்கும் வளருமாம், அவரே சொன்னாரு.”

வுல்வரின் என்றால் நம்ம ஊரில் பாதிப் பேருக்கு விரலிடுக்கில் கத்தி நீளும் சினிமாக்காரர்தான் நினைவுக்கு வருவார். எனக்கும் அப்படித்தான். ஆனால் 70 பவுண்டு என்ற கணக்கு உறுத்தியது. பெருக்கிப் பார்த்தால் 32 கிலோ வருகிறது. நன்றாக வளர்ந்த ஒரு கன்னிக் கிடாவின் எடை. கீரி, நீர்நாய் மாதிரி உருவம் கொண்ட ஒரு பிராணி கிடா எடைக்கு வளருமா என்று அன்று ராத்திரி தேட ஆரம்பித்தவன், பத்து நாளைக்கு வேறு எதையும் படிக்கவில்லை.

முதலில் எடை போட்டுப் பார்த்தவர்கள் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த ஆண் வுல்வரின் பொதுவாக 11 முதல் 18 கிலோ, பெண் 8 முதல் 12 கிலோ. தலையும் உடலும் சேர்த்து 65 முதல் 109 சென்டிமீட்டர், அதற்கு மேல் வால் ஒரு 17 முதல் 26. அவ்வளவுதான். 18 கிலோ என்றால் 40 பவுண்டு. தாத்தா சொன்ன 70 எங்கே, இது எங்கே! 32 கிலோ என்ற எண் சோவியத் எழுத்துகளிலும் தலை காட்டியிருக்கிறது, ஆனால் அங்கிருந்த விலங்கியலாளர்களே அதை நம்பத்தக்கதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீர்நாய், மார்ட்டன் என்ற சின்னப் பிராணி எல்லாம் சேர்ந்த குடும்பத்தில் தரையில் வாழ்வனவற்றில் இதுதான் பெரியது. தண்ணீரையும் சேர்த்தால் கடல்நீர்நாயும் தென்னமெரிக்காவின் ராட்சத நீர்நாயும் இதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அவற்றில் கடல்நீர்நாய் 45 கிலோ வரை போகும்.

இதை அத்தானிடம் சொன்னேன். அத்தான் என்றால் அக்கா வீட்டுக்காரர், படம் அனுப்பியவனின் அப்பா. ஆட்டுத் தரகு. செவ்வாய்க்கிழமை விடியுமுன் மேலப்பாளையம் சந்தையில் இருப்பார், நாற்பது வருஷப் பழக்கம். ஆட்டின் இடுப்பெலும்பில் கட்டை விரலை அழுத்தி, வயிற்றுக்குக் கீழே கை கொடுத்து அரைச்சாண் தூக்கி, “பதிமூணு கிலோ கறி விழும்” என்றால் விழும், கால் கிலோ முன்னே பின்னே இருக்கலாம். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிற தலைமுறை அது. எலக்ட்ரானிக் தராசு சந்தைக்கு வந்தபோது அவருக்குக் கோபமே வந்தது, ஆனால் தராசு அவரைப் பொய்யாக்கியதில்லை.

போனை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தோலை ஒரு நிமிஷம் பார்த்தார். “ஏல, இது பச்சத்தோல இழுத்துக் காயப் போட்டதுல்லா. இழுத்தா எம்புட்டு வேணாலும் வருமே. அந்தப் பெரியவரு எத எட போட்டாராம், தோலையா, உசுரோடயா, உரிச்சதையா?”

நான் பத்து நாள் தேடியதை மனுஷன் ஒரு நிமிஷத்தில் கேட்டுவிட்டார்.

விஷயம் அதுதான். பொறிக்காரர்கள் பிராணியை எடைபோட்டு விற்பதில்லை, தோலைத்தான் விற்கிறார்கள். தோலுக்குக் கணக்கு நீளம். உரித்த ஈரத்தோலைக் கூம்பு மாதிரி செதுக்கிய பலகையில் மாட்டி, கீழே இழுத்து ஆணி அடித்துக் காயவிடுவார்கள். காய்ந்தபின் அந்த நீளம் அப்படியே நிற்கும். நாலடிப் பலகையை மூடிய தோலைப் பார்க்கிற ஆள் மனசுக்குள் அந்த நாலடிக்கும் சதையை நிரப்பிக்கொள்கிறான். நம்ம ஊர்க் கசாப்புக் கடைக்காரர் யாரும் தோலை வைத்து ஆட்டை எடை சொல்லமாட்டார்.

அப்புறம் மயிர். குளிர்கால வுல்வரினுக்கு மேலே நீண்ட முரட்டு மயிர், உள்ளே அடர்ந்த பஞ்சு. வால் மட்டுமே ஒரு துடைப்பக்கட்டு. நனைத்தால் பாதி ஆகிவிடும் என்று தோன்றுகிறது, மழையில் நனைந்த நம்ம வீட்டுப் பொமரேனியனை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மயிருக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மூச்சுக்காற்று உறைந்து அதில் படிகிற பனியைக் கையால் தட்டினாலே உதிர்ந்துவிடும். அதனால்தான் வட துருவத்து ஜனங்கள் குளிர்ச்சட்டையின் முக்காட்டு ஓரத்துக்கு இந்தத் தோலையே தேடி வாங்குகிறார்கள்.

மூன்றாவது, தடம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. வுல்வரினின் பாதம் அதன் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பெரியது, பனியில் வைக்கும்போது இன்னும் விரியும். ஓநாய்த் தடம் அளவுக்கு இருக்கும். ஓநாய்க்கு நாலு விரல்தான் பதியும், இதற்கு ஐந்து, அதுதான் வித்தியாசம். வெயில் பட்டுப் பனி ஓரம் உருகினால் தடம் இன்னும் அகலமாகும். காலையில் பொறி பார்க்கப் போகிற ஆள் முதலில் பார்ப்பது பிராணியை இல்லை, இந்தத் தடத்தை. பாதம் இவ்வளவு என்றால் ஆள் எவ்வளவு இருப்பான் என்று கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். ஆனால் பாதம் பெரியதாக இருப்பதே உடம்பு லேசாக இருப்பதோடு சேர்ந்து வேலை செய்யத்தான். பனிமணலில் மான் வயிறு வரை புதைகிற இடத்தில் இது மேலாக ஓடும். சும்மா 32 கிலோவுக்கு ஊதியிருந்தால் அந்தச் சௌகரியம் என்ன ஆவது?

அது ஓடுகிற ஓட்டமும் லேசுப்பட்டதில்லை. அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் எம்3 என்று பேர் வைத்த ஓர் ஆணுக்குக் கழுத்தில் கருவி மாட்டிவிட்டார்கள். நடுக் குளிர்காலத்தில் அது கிளீவ்லேண்ட் மலையின் கடைசி 4,900 அடியை 90 நிமிடத்தில் ஏறியது. 4,900 அடி! நான் அகத்தியர் அருவிப் படிக்கட்டிலேயே இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

நாலாவதுதான் முக்கியமானது. நஷ்டம். அந்த மார்ட்டனுக்காக ஒரு பொறிக்காரர் இருபது முப்பது கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசையாகப் பொறி வைத்திருப்பார். வுல்வரின் அந்த வரிசையைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், கல்யாண வீட்டுப் பந்தியில் இலை இலையாகப் பரிமாறிக்கொண்டு போகிற ஆள் மாதிரி, இது இலை இலையாகச் சாப்பிட்டுக்கொண்டு போகும். மாட்டியிருக்கிற மார்ட்டனைத் தின்னும், இரையை எடுத்துக்கொள்ளும், குடிசைக்குள் புகுந்து மாவு, பன்றிக் கொழுப்பு எல்லாவற்றையும் நாசம் பண்ணி, போகும்போது நாற்றத்தையும் அடித்துவிட்டுப் போகும். மேல்வரிசைக் கடைசிக் கடைவாய்ப் பல் உள்பக்கமாகத் தொண்ணூறு பாகை திரும்பியிருப்பதால் கல்லாக உறைந்த இறைச்சியையும் கிழித்துவிடும், எலும்பை நொறுக்கும். குலோ குலோ என்று லத்தீனில் பேர், பெருந்தீனிக்காரன் என்று அர்த்தம், அதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒரு குளிர்காலச் சம்பாத்தியத்தை ஒரே ராத்திரியில் காலி பண்ணியவனை 14 கிலோ என்று சொல்ல எந்த மனுஷனுக்கு மனசு வரும்?

எனக்கு இது ஏன் உடனே புரிந்தது என்றால், எங்கள் வீட்டிலேயே இப்படி ஒரு பிராணி வளர்ந்தது.

எங்கள் தாத்தாவுக்கு முக்கூடல் பக்கம் ஆற்றோரத்தில் கொஞ்சம் வயல், மிச்ச நேரத்துக்கு வலை. தாமிரபரணியில் கோடையில் தண்ணீர் கசங்களாகத் தேங்கும்போது சாயங்காலம் வலையைக் கட்டிவிட்டு வருவார். விடிகாலையில் போனால் சில நாள் கெண்டையும் உளுவையும் இருக்கும், சில நாள் மீன் தலைகளும் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டையும் இருக்கும். நீர்நாய். அதே வுல்வரின் குடும்பம்தான், ஒன்றுவிட்ட பங்காளி. நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது தாத்தா சொன்ன கணக்கில் அது ஒரு ஆள் நீளம். ஆறாம் வகுப்புக்கு வந்தபோது ஒன்றரை ஆள் நீளம், மருத மரத்து வேரில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவரைப் பார்த்துச் சீறியது, வாலைத் தண்ணீரில் அடித்தால் வண்ணாந்துறை வரை கேட்கும். ஆச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்வாள்: “வலையில ஓட்ட விழ விழ அதுக்கு நீளம் கூடிக்கிட்டே போவுது. புது வல வாங்கிக் குடுத்தா குட்டியா ஆயிரும்.”

தாத்தா போய்ப் பல வருஷம் கழித்து, ஊருக்கு வெளியே பாலத்தை ஒட்டி ராத்திரி ஏதோ வண்டியில் அடிபட்டு ஒரு நீர்நாய் கிடந்தது. நான் அன்றைக்கு ஊரில் இருந்தேன். ஊரே கூடிவிட்டது. வனத்துறை ஆட்கள் வந்து கொக்கித் தராசில் தூக்கினார்கள், 9 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. நம்ம ஆற்று நீர்நாய்க்கு 7 முதல் 11 கிலோ என்பதுதான் புத்தகக் கணக்கு, ஆக அது நல்ல முழு வளர்ச்சி. மேலே மலையோடைகளில் இருக்கிற சின்ன நகத்து நீர்நாய் இதில் பாதிகூட வராது. ஆனால் கூட்டத்தில் நின்ற பெரியவர் ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “இது குட்டி. தாய் உள்ள கெடக்கும்,” என்றார். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை, தாத்தாவின் வலையை நினைத்துக்கொண்டு.

தராசில் ஏறுவதெல்லாம் எப்போதும் குட்டிதான் போல. வுல்வரின் விஷயத்தில் அந்த வாதம் எடுபடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாசி பங்குனி வாக்கில் பனிக்குள் தோண்டிய வளையில் வெள்ளை மயிரோடு பிறக்கிற குட்டி, கையில் அடங்குகிற 100 கிராம் சமாச்சாரம், பிறந்த வருஷக் குளிர்காலத்துக்குள்ளேயே கிட்டத்தட்டப் பெரியதின் அளவுக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு முதலை மாதிரி வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே போவதில்லை. வயசான கிழட்டு ஆண் ஒன்று காட்டுக்குள்ளே 30 கிலோவில் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு உடம்பின் கணக்கில் இடமில்லை.

பலத்தைப் பற்றிப் பொறிக்காரர்கள் சொல்வது மட்டும் பொய்யில்லை. தன்னைவிடப் பல மடங்கு பெரிய காரிபூ மானின் உடலை இழுத்துப் போகும், ஓநாய் கொன்ற இரையை அதனிடமிருந்தே பறிக்கப் பார்க்கும். சில சமயம் ஜெயிக்கும். ஓநாய்க் கூட்டத்திடம் மாட்டிக்கொண்டு செத்தும் போகும், அந்தப் பாதியைக் கதை சொல்கிறவர்கள் விழுங்கிவிடுகிறார்கள்.

நான் இப்படி எல்லாவற்றையும் எழுதி அனுப்பியதும் அக்கா மகனுக்குக் கோபம். “மாமா, நீங்க திருநெல்வேலில உக்காந்துக்கிட்டு அவரப் பொய்யன்னு சொல்லுதிய. அவரு காட்டுலயே கெடந்தவரு.” நியாயமான கோபம்தான். ஆனால் நான் அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. இந்த 11 முதல் 18 கிலோ என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? அதில் ஒரு பங்கு பொறிக்காரர்கள் கொடுத்ததுதான். யூக்கான் போன்ற வடக்குப் பகுதிகளில் அரசு, தோல் உரித்த வுல்வரின் உடல்களைப் பொறிக்காரர்களிடமிருந்து பணம் கொடுத்து வாங்கிக்கொண்டது. எடை பார்ப்பார்கள், வயிற்றில் என்ன இருக்கிறது என்று கிளறுவார்கள், ஒரு பல்லைப் பிடுங்கிக் குறுக்கே சீவி, மரத்தின் வளையம் எண்ணுகிற மாதிரி அடுக்குகளை எண்ணி வயசு சொல்வார்கள். இந்த ஆல்பர்ட்டாவிலேயே பொறிக்காரர்கள் சங்கமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து காட்டுக்குள் கேமரா வைத்து வுல்வரின் எண்ணியிருக்கின்றன. இரையை உயரத்தில் தொங்கவிட்டு, அதற்குக் கீழே ஒரு கட்டையை நீட்டி வைத்துவிடுவார்கள். பிராணி கட்டையில் ஏறி எழுந்து நின்று எட்டும்போது தொண்டையும் நெஞ்சும் கேமராவுக்குத் தெரியும். அந்த வெளிர்த் தேமல் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு, நம்ம கைரேகை மாதிரி. காட்டில் இடம் காட்டியது, பனியில் வழி காட்டியது எல்லாம் பொறிக்காரர்கள்தான்.

அதாவது கடையில் டீ குடிக்கும்போது 70 பவுண்டு சொல்கிற அதே கைதான், மேசையில் 30 பவுண்டு உடலையும் வைத்துவிட்டுப் போகிறது. இரண்டும் அவர்களுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். அத்தானும் அப்படித்தான். சந்தையில் கால் கிலோ பிசகாதவர், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எண்பத்தி எட்டில் வள்ளியூர்ப் பக்கம் பார்த்த ஒரு கிடாவைப் பற்றி ஆரம்பித்தால் அது கன்றுக்குட்டி உயரத்துக்குப் போய்விடும். அக்கா உள்ளே இருந்து, “அதுக்குக் கொம்பு மட்டும் ஒம்பது கிலோ, அதையும் சொல்லுங்க,” என்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டான். அக்கா வீட்டில் எல்லோரும் இருந்தோம். அந்தத் தாத்தாவிடமே கேட்டுவிட்டானாம், நீங்களே தராசில் போட்டதில் ரொம்பப் பெரியது எது என்று. அவர் யோசிக்கவே இல்லையாம். “38 பவுண்டு. ஆண். நல்ல கொழுப்பு.”

“அப்பம் 70?” என்றேன்.

“அது சிக்கலயாம் மாமா. மாட்டிச்சாம், ஆனா பொறியப் பிடுங்கிக்கிட்டு ஓடிருச்சாம். சங்கிலி, சங்கிலியக் கட்டி வச்சிருந்த மரக்கட்ட, எல்லாத்தையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. பனியில அவ்வளவு ஆழமாத் தடம் இருந்துச்சாம். அத வச்சுத்தான் அவரு 70ன்னு சொல்லுதாரு.”

அத்தான் அதுவரை பேசாமல் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“ஏல, கட்ட எத்தன கிலோ, சங்கிலி எத்தன கிலோன்னு கேட்டியா?”

“இல்லப்பா.”

“கேளு. கழிச்சிட்டுச் சொல்லு.”